பொம்மை வீட்டுச் சுவரில் விழும் சுருக்கம்: விளக்கங்களும் வைத்தியங்களும்

இரண்டு சாண் அகலமுள்ள சிறு சுவரில் பூப்போட்ட தாள் ஒட்டப்படுகிறது. ஒட்டும்போது தட்டையாக இருந்த தாள், சில நிமிடங்களில் நெளிந்து, ஆங்காங்கே கொப்புளம் கட்டி நிற்கிறது. இது ஏன் நேர்கிறது, நேர்ந்த பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்குப் பொம்மை வீடு கட்டுவோர் தலைமுறை தலைமுறையாகப் பதில் சொல்லி வந்திருக்கிறார்கள். பசையில் நீர் அதிகம் என்பார் ஒருவர். தாள் மட்டம் என்பார் இன்னொருவர். மரத்துக்கு ப்ரைமர் அடிக்காததுதான் காரணம் என்பார் மூன்றாமவர். சுவரிலேயே ஒட்டியிருக்கக் கூடாது என்பது நான்காமவரின் கட்சி. ஒவ்வொருவருக்கும் சொந்த வீட்டில் சான்று இருக்கிறது. ஒவ்வொருவர் வழியும் வேறொருவர் வீட்டில் தோற்றும் இருக்கிறது.

ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றும் இந்தப் பதில்கள், கூர்ந்து பார்த்தால், ஒரே நிகழ்வின் வெவ்வேறு கட்டங்களைப் பற்றிப் பேசுகின்றன. தாள் தன் அளவை எப்போது மாற்றுகிறது, பசை அதை எப்போது பிடித்துக்கொள்கிறது என்ற நேரக் கணக்கில்தான் சுருக்கம் பிறக்கிறது. எந்தப் பசை நல்லது என்று தொடங்கும் விவாதம் பெரும்பாலும் இந்தக் கணக்கைத் தவறவிடுகிறது.

சிறிய அளவின் சிக்கல்

பொம்மை வீடு என்றதும் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்தான் நினைவுக்கு வரும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது பெரியவர்களின் நுண்கைவேலையும்கூட. லண்டனில் எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்து 1924-இல் நிறைவேறிய மேரி அரசியின் பொம்மை வீடு, உண்மையான வீட்டின் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் அமைந்தது. இன்றும் வயது வந்தோர் கட்டும் பொம்மை வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு 1:12 என்பதே அளவு.

அந்த அளவில் வீடும் நாற்காலியும் சுருங்குகின்றன. காகிதத்தின் குணம் சுருங்குவதில்லை. சாதாரண அச்சுத்தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. பன்னிரண்டால் பெருக்கினால் 1.2 மி.மீ. அதாவது, பொம்மை வீட்டில் வசிக்கும் கற்பனை மனிதரின் சுவரில் ஒட்டியிருப்பது தாளல்ல, அட்டை. 5 மி.மீ. அகலக் கொப்புளம் அவர் கண்ணுக்கு 6 செ.மீ. வீக்கம். நிஜ வீட்டில் கதவோரத்தில் யாரும் கவனிக்காத குறை, இங்கே சுவரின் முதல் காட்சியாகிவிடுகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. விவாதங்களில் அதிகம் பேசப்படாதது. ஐரோப்பாவில் வழக்கமான வால்பேப்பர் சுருளின் அகலம் 53 செ.மீ. நிஜ வீட்டில் அதைப் பட்டை பட்டையாக, மேலிருந்து கீழாக ஒட்டுவார்கள். ஒவ்வொரு பட்டையும் தனியாக விரிந்து தனியாகச் சுருங்கும். பொம்மை வீட்டிலோ இணைப்பு தெரியக்கூடாது என்பதற்காக இடச்சுவர், பின்சுவர், வலச்சுவர் மூன்றையும் ஒரே நீளத் தாளால் மூடும் வழக்கம் பரவலாக உள்ளது. 30 செ.மீ. அகலமும் 25 செ.மீ. ஆழமும் உள்ள அறையில் அந்தத் தாளின் நீளம் 80 செ.மீ. ஈரத்தில் அது ஒரு சதவீதம் விரிந்தாலே 8 மி.மீ. கூடுதல் காகிதம் வந்து நிற்கும். அதற்குப் போக இடமில்லை. மூலைகளில் மடியும், அல்லது நடுவில் எழும்பும்.

காகிதம் ஏன் நெளிகிறது

காகிதத்தின் செல்லுலோஸ் இழைகள் நீரை ஏற்றுப் பருக்கும். நீளத்தில் மிகக் குறைவாக, தடிமனில் மிகுதியாக. இழைகள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடந்தால் தாள் எப்பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் விரியும். பழைய கைத்தாள் ஓரளவு அப்படிப்பட்டது. பிரான்சில் லூயி நிக்கோலா ராபேர் 1799-இல் காப்புரிமை பெற்ற தொடர்தாள் இயந்திரம் அந்த நிலையை மாற்றியது. ஓடும் கம்பி வலையின் மேல் கூழ் பாயும்போது இழைகள் பெரும்பாலும் ஓட்டத்தின் திசையிலேயே படுக்கின்றன. ஆகவே இயந்திரத் தாள் நனைந்தால் ஓட்டத் திசையில் கொஞ்சமாகவும் அதற்குக் குறுக்கே பல மடங்காகவும் விரிகிறது.

ஒரு பக்கம் மட்டும் பசை தடவினால் அந்தப் பக்கம் முதலில் விரிந்து தாள் மறுபக்கமாகச் சுருள்கிறது. நீர் ஊடுருவிய பின் முழுத்தாளும் விரிகிறது. காயும்போது மீண்டும் சுருங்குகிறது. தாள் முழுதாக விரிவதற்கு முன்பே சுவரில் அழுத்திவிட்டால், மிச்ச விரிவு சுவரின் மேலேயே நடக்கும். சில இடங்களில் பசை பிடித்துவிட்டது, சில இடங்களில் இல்லை. பிடிக்காத இடங்கள் எழும்பும். இதுதான் புதுச் சுருக்கத்தின் பொதுக் கதை. இதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. வேறுபாடு அடுத்த அடியில் தொடங்குகிறது.

முழுதாக நனையவிடும் மரபு

நிஜ வீட்டுச் சுவருக்குத் தாள் ஒட்டும் கைவினைஞர்களின் விடை பழையது. பசை தடவிய தாளை, பசைப்பக்கம் உள்ளே இருக்கும்படி தளர்வாக மடித்து, சில நிமிடம் ஊறவிடுவார்கள். விரிய வேண்டியது மேசையிலேயே விரிந்துவிடும். பிறகு சுவரேறிய தாள் காயும்போது இழுபட்டு இறுகும். நூல்கட்டுவோரும், பழஞ்சுவடி செப்பனிடுவோரும், ஜப்பானியச் சுருளோவியங்களைப் பின்தாளிட்டு ஒட்டுவோரும் இதையே வெவ்வேறு விதத்தில் செய்கிறார்கள். சுருக்கத்தைக் கண்டு பயப்படாமல், அதையே வேலைக்காரனாக்கிக் கொள்ளும் வழி இது.

இதற்கு ஏற்றவை மெதுவாகப் பிடிக்கும் பசைகள்: கோதுமை மாவுச்சத்துப் பசை, மெத்தில் செல்லுலோஸ் தூள் கரைத்த பசை. நம் ஊரில் சினிமா போஸ்டர் ஒட்டுவோர் காய்ச்சும் மைதா பசையும் இந்தக் குடும்பமே. இவற்றின் பெரிய நன்மை, ஒட்டிய பிறகும் தாளைச் சற்று நகர்த்த முடிவது; காய்ந்த பிறகும் நீரால் இளக்க முடிவது.

பலவீனங்களும் சிறியவை அல்ல. முதலாவது, காயும் தாளின் இழுவை. 3 மி.மீ. ப்ளைவுட் சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும் தாள் ஒட்டினால், சுவரே அந்தப் பக்கமாகக் குழிந்து வளையக்கூடும். நூல்கட்டுவோர் இதை அறிவார்கள். அட்டையின் மறுபக்கத்திலும் தாள் ஒட்டிச் சமன் செய்வார்கள். பொம்மை வீட்டின் வெளிச்சுவரில் அது எப்போதும் இயல்வதில்லை. இரண்டாவது, மூலை. மூன்று சுவருக்கும் ஒரே தாள் என்றால், காயும் இழுவை மூலையிலிருந்து தாளைப் பெயர்த்து வட்டமாக்கிவிடும். தொட்டால் உள்ளே பொள்ளென்று இருக்கும். தாள் நன்றாக இறுகியதன் விளைவே இந்தக் குறை என்பதால், இன்னும் அழுத்தித் தேய்த்தால் தீராது. மூலையில் தாளை வெட்டி, பின்சுவர்த் தாளை ஒரு மி.மீ. அளவு பக்கச்சுவரில் திருப்பி, பக்கத்தாளை அதன் மேல் படியவைப்பதுதான் தீர்வு. இணைப்பே தெரியக்கூடாது என்ற பிடிவாதத்தைத் தளர்த்தியாக வேண்டும்.

மூன்றாவது பலவீனம் இந்தக் காலத்தது. வீட்டு அச்சுப்பொறியில் இங்க்ஜெட் மையால் அச்சிட்ட தாளை ஊறவைத்தால், சாய மை கரைந்து பரவும் வாய்ப்பு அதிகம். லேசர் அச்சு தாங்கும். மாவுப் பசைக்குப் பூச்சியும் பூஞ்சையும் வரும் என்பது தனி விஷயம். மைதா பசையில் மயில்துத்தம் கலக்கும் நம் வழக்கம் இதற்காகத்தான்.

ஈரமே வேண்டாம் என்போர்

எதிர்க்கட்சியின் வாதம் எளிது. நீர்தான் குற்றவாளி என்றால் நீரை விலக்கிவிடலாமே. தெளிப்புப் பசை, இருபக்க டேப், ரப்பர் பசை ஆகியவை இந்த அணி. தாள் விரியாது, மை பரவாது, அரைமணியில் அறை தயார்.

ஒட்டிய மாதத்தில் இந்த வாதத்துக்கு மறுப்பே இருக்காது. காலம்தான் இதன் எதிரி. ரப்பர் பசை ஆண்டுகள் செல்லச் செல்லக் காய்ந்து பிடியை இழக்கிறது, மஞ்சள் கறையையும் விடுகிறது. டேப்பின் பசை கசிந்து தாளை ஊடுருவலாம். தெளிப்புப் பசையில் ஓரங்கள் எழும்புவது பரவலான குறை. இவற்றில் பலவற்றை நீரால் இளக்க முடியாது, கரைப்பான் வேண்டும். ஈரத்தால் வரும் சுருக்கம் இல்லை என்பது உண்மை. ஆனால் முதல் தொடுதலிலேயே பிடித்துவிடும் பசையில் தாளைச் சற்றே கோணலாக வைத்துவிட்டால், கையால் உண்டாகும் மடிப்பைத் திருத்த வழியில்லை.

இரண்டு அணிக்கும் நடுவில் நிற்பது வெள்ளைப் பசை, அதாவது பாலிவினைல் அசிடேட். நம் ஊர் ஃபெவிகால் இந்த வகை. வீட்டில் எப்போதும் இருப்பதால் அதிகம் பயன்படுவதும் இதுதான். சுருக்கப் புகார்களில் அதிகம் அடிபடுவதும் இதுதான். காரணம், தாளை விரிக்கப் போதிய நீர் அதில் இருக்கிறது, விரிந்து முடியும் வரை காத்திருக்கும் பொறுமை அதற்கு இல்லை. இரண்டு உலகத்தின் தீமையும் ஒரே புட்டியில். நூல்கட்டுவோர் அதில் மெத்தில் செல்லுலோஸ் கலந்து பிடிக்கும் வேகத்தைக் குறைப்பார்கள். பொம்மை வீட்டுக்கும் அந்தக் கலவை பொருந்தும் என்றே தோன்றுகிறது. தண்ணீர் மட்டும் ஊற்றி நீர்க்கச் செய்வது வேறு விஷயம். அது விரிவையே கூட்டும்.

சுவரில் ஒட்டாதே என்னும் கட்சி

மூன்றாவது நிலைப்பாடு கேள்வியையே மாற்றுகிறது. சுவரின் அளவுக்கு மெல்லிய அட்டை வெட்டி, தாளை வெளியே மேசையில் அட்டைமேல் ஒட்டி, கனம் வைத்துக் காயவிட்டு, பின் அறைக்குள் நுழைத்துச் சில புள்ளிகளில் மட்டும் பொருத்துவது. 25 செ.மீ. ஆழ அறைக்குள் கையை விட்டு, கண் தெரியாமல் ரோலர் உருட்ட வேண்டியதில்லை. கெட்டுப்போனால் அட்டையைக் கழற்றி வேறு வைக்கலாம். விளக்குக் கம்பிகளைப் பின்னால் மறைக்கலாம்.

நவீனப் பொழுதுபோக்காளர்களின் உத்தியாக இது முன்வைக்கப்படுவதுண்டு. வால்பேப்பர் வரலாற்றில் இதற்கு மூதாதை இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு பிரிட்டனின் பெரிய மாளிகைகளில் சீனாவிலிருந்து வந்த விலையுயர்ந்த தாள்களைப் பல இடங்களில் நேரே சுவரில் ஒட்டவில்லை. மரச்சட்டங்களில் இழுத்துக் கட்டிய துணியின் மேல் ஒட்டினார்கள். சுவரின் ஈரம் தாளைத் தொடாது. வேண்டுமானால் கழற்றியும் எடுக்கலாம்.

குறை என்ன? அட்டையின் தடிமன் அறையைச் சிறிதாக்குகிறது. ஜன்னல் சட்டமும் கதவு நிலையும் பொருந்தாமல் போகலாம். மலிவான அட்டையின் அமிலம் காலப்போக்கில் தாளை மஞ்சளாக்கும். அமிலமற்ற அட்டைக்கு விலை கூட. அட்டையே வளைந்தால் சுவருக்கும் அதற்கும் இடையே இடைவெளி தெரியும். சுருக்கப் பிரச்சினை தீரவில்லை, மேசைக்கு இடம் மாறியிருக்கிறது என்று எதிர்ப்போர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் மேசையில் திருத்துவது எளிது. புதிதாகக் கட்டுபவருக்கு இந்த மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், இதுவே மிகக் குறைந்த ஆபத்து உள்ளது எனலாம். ஏற்கெனவே கட்டி முடித்த, சுருங்கிய வீட்டை வைத்திருப்பவருக்கு இது ஓரளவுதான் உதவும்.

சுவரின் பங்கு

மரத்தைக் குறைசொல்வோரின் வாதம் துணைவாதமே, ஆனாலும் தள்ளத்தக்கதல்ல. பூச்சற்ற ப்ளைவுட்டும் எம்.டி.எஃப். பலகையும் பசையின் நீரை உறிஞ்சிவிடுகின்றன. உறிஞ்சுவது எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை என்பதால் பிடிப்பும் திட்டுத்திட்டாகிறது. ப்ரைமரோ, நீர்த்த பசையின் முதல் பூச்சோ இதைச் சமன் செய்யும். அரக்குப் பூச்சு மரத்தின் பிசினும் சாயமும் தாளுக்கு ஏறாமல் தடுக்கும். பூச்சு மிகையானால் எதிர்விளைவும் உண்டு: நீர் எங்கும் போக வழியின்றித் தாளிலேயே தங்கி, விரிவைக் கூட்டும்.

விழுந்த பிறகு

இங்கேதான் அறிவுரைகள் மிக அதிகமாக முரண்படுகின்றன. இஸ்திரி போடு, போடாதே. கிழித்து எடு, தொடாதே. இந்த முரணில் பெரும்பகுதி, பேசுவோர் வெவ்வேறு வகைச் சுருக்கங்களைப் பற்றிப் பேசுவதால் வருவது.

ஈரம் காயாத அலையைத் தொடாமல் விடுவதே பெரும்பாலும் சரி. மாவுப் பசையும் செல்லுலோஸ் பசையும் ஒரு நாள் காய்ந்தால் பல அலைகள் தாமே அடங்கிவிடும். பொறுக்காமல் தேய்ப்பவர் ஈரத்தாளை நீட்டிவிடுகிறார், நீண்டது திரும்பாது. முடி உலர்த்தி காட்டுவதும் கேடு. ஓரங்கள் முதலில் காய்ந்து இழுக்க, நடுவில் மிச்சம் சிக்கிக்கொள்ளும்.

காய்ந்த பின்னும் நிற்பவற்றைத் தொட முதலில் பசை எது எனத் தெரிய வேண்டும். மறைவான மூலையில் ஈரப் பஞ்சை வைத்துப் பார்த்தால், வழுவழுவென்று இளகுவது மாவு அல்லது செல்லுலோஸ். வெளுத்து ரப்பர்போல் ஆவது வெள்ளைப் பசை. பாதுகாப்பு வல்லுநர்கள் மாவுச்சத்தை அறிய நீர்த்த அயோடினைப் பயன்படுத்துவதுண்டு, கருநீலமாகும். தாளின் உள்ளேயே மாவுச்சத்து சேர்ந்திருந்தால் அதுவும் நிறம் காட்டும் என்பதால் இந்தச் சோதனை தனியாக நின்று தீர்ப்பளிக்காது. கறையும் விழும்.

காற்று அடைத்த கொப்புளம் எனில் காகிதம் அளவுக்கு மீறவில்லை, பசைதான் இல்லை. ஓவியத்தின் கொடித் தண்டை ஒட்டியோ கோட்டை ஒட்டியோ கூரிய பிளேடால் கீறி, சிரிஞ்சால் துளிப் பசை செலுத்தி, ஒற்றுத்தாள் வைத்து அழுத்தினால் போதும். கீறல் தெரியாது.

மடிப்பு எனில் காகிதம் உண்மையிலேயே மிகை. எத்தனை அழுத்தினாலும் மிகை மறையாது, பக்கத்தில் நகரும். இரண்டே வழிகள். நீரில் இளகும் பசையானால், தாளைக் கடற்பஞ்சால் மெல்ல நனைத்து, மீண்டும் விரியவிட்டு, ஒரு விளிம்பைத் தளர்த்தி, மிகையை அந்த விளிம்பு நோக்கி நகர்த்திக் காயவிடலாம். மை கரையாதது என்பது உறுதியானால் மட்டும். இல்லையென்றால் மடிப்பின் உச்சியில் கீறி, ஒரு பக்கத்தை மற்றொன்றின்மேல் படியவைத்து, இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டி, மிகைக் கீற்றை எடுத்துவிட வேண்டும். ஓவியம் ஒரு மி.மீ. தாண்டும். கோடுபோட்ட தாளில் அது கண்ணை உறுத்தும், பூக்கொடியில் தப்பிவிடும்.

இஸ்திரி பற்றிய சண்டைக்கும் பசையே விடை. வெள்ளைப் பசைப் படலம் வெப்பத்தில் இளகுவது. சுமார் 30 முதல் 40 டிகிரி செல்சியஸில் அது மெதுவாகத் தொடங்குகிறது. மரவேலைக்காரர்கள் மெல்லிய மரத்தகட்டை ஒட்ட இந்தக் குணத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே மிதமான சூட்டில், ஒட்டாத பேக்கிங் தாளை இடையில் வைத்துத் தேய்த்தால் பசை இளகி மீண்டும் பிடிக்க வாய்ப்புண்டு. மாவுப் பசைக்கு உலர்ந்த சூடு இப்படி உதவாது. வினைல் பூச்சுத் தாளில் வைத்தால் தாளே போய்விடும். இஸ்திரி பலித்தது என்பவரும் பாழானது என்பவரும் பெரும்பாலும் உண்மையே சொல்கிறார்கள்.

இவை எதுவும் ஆகாதபோது மறைத்தல் என்ற வழி இருக்கிறது. சுவரடிப் பலகை, இடுப்புயர மரத்தடுப்பு, படம் மாட்டும் சட்டம், ஒரு சிறு அலமாரி. கைவேலைப் பெருமை பேசுவோர் இதை இகழ்வார்கள். நிஜ வீட்டுத் தச்சர்களும் காலங்காலமாகச் சட்டம் வைத்துத்தான் இணைப்பை மறைத்து வந்திருக்கிறார்கள்.

நீக்கத்தான் வேண்டுமா?

பழைய பொம்மை வீடுகளுக்கு வரும்போது கேள்வி திசை மாறுகிறது. பிரிட்டனில் 1712-இல் விதித்த வால்பேப்பர் வரி 1836-இல் நீங்கியது. இயந்திர அச்சும் சேர, சுவர்த்தாள் சாதாரண வீடுகளுக்கும் எட்டியது. மிச்சத் துண்டுகள் பொம்மை வீட்டுக்கும் போயின. ஜெர்மனியின் மரியன்பெர்க்கில் மோரிட்ஸ் காட்ஷால்க் நிறுவனமும், அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ப்ளிஸ் நிறுவனமும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்லச்சுத் தாள்களை மரத்தில் ஒட்டி வீடுகளை விற்றன. சேகரிப்பாளர்கள் இவற்றில் முதலில் தேடுவது மூலத்தாள் இருக்கிறதா என்பதே. நெளிந்து பழுத்த மூலத்தாள், புதிய வழுவழுப்பான தாளைவிட மதிப்பு மிக்கது. அருங்காட்சியகங்களின் போக்கும் குறைந்த தலையீடு, திரும்பப் பெறக்கூடிய பசை, மிதமான சீரான ஈரப்பதம் ஆகியவற்றின் பக்கமே.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. பொம்மை வீடு வாழ்ந்த பொருள். உரிமையாளர் மாறும்போது தாள் மாறுவதும் அதன் வரலாறே. ஒரே அறையில் மூன்று தலைமுறைத் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பது அரிதல்ல. மேல்தாளின் சுருக்கத்தைத் திருத்த ஈரம் ஏற்றினால் அடித்தாள் கெடலாம். மேல்தாளை உரித்தால் அந்தத் தலைமுறையின் ரசனை போய்விடும். பொது விதி எதுவும் இங்கே நிற்பதாகத் தெரியவில்லை.

தீராதவை

புதிய சுருக்கத்தின் காரணம் பற்றிய விவாதம் ஏறத்தாழ முடிந்தது எனலாம். தாளின் குறுக்கு விரிவும், பசை பிடிக்கும் நேரமும் பொருந்தாமைதான் அடிப்படை. மரமும் கையும் அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. ஆயினும் வாங்குபவருக்கு இது முழுதாகப் பயன்படுவதில்லை. கடையில் விற்கும் பொம்மை வீட்டுத் தாள்கள் பலவற்றில் இழை ஓட்டம் எந்தப் பக்கம் என்று குறிப்பதில்லை. ஒரு துண்டை நனைத்துப் பார்த்தே அறிய வேண்டும்.

காலந்தாழ்ந்து வரும் சுருக்கம் பற்றிய புரிதல் இன்னும் தளர்வானது. குளிர்நாட்டு வீடுகளில் வெப்பமூட்டும் பருவத்தில் மரம் உலர்ந்து ஒடுங்க, ஐந்தாறு ஆண்டு தட்டையாக இருந்த தாள் மூட்டுகளில் நெளிவதுண்டு. இதற்குப் பசையைத் திருத்துவதா, அறையின் ஈரப்பதத்தைத் திருத்துவதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. அட்டைமுறை இந்த வகையைத் தாங்கும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானது. ஆனால் அது பெரும்பாலும் தனித்தனிக் கைவேலைக்காரர்களின் அனுபவத்தில் நிற்கிறது.

மூன்றாவது கேள்வி இப்போதுதான் எழத் தொடங்கியிருக்கிறது. 1970-களில் அமெரிக்காவில் நுண்வடிவக் கைவேலை பெரிதாகப் பரவியபோது, பெட்டியில் வந்த பலகைகளைச் சேர்த்து வீட்டிலேயே எண்ணற்ற பொம்மை வீடுகள் எழுந்தன. அவற்றில் கணிசமானவை வெள்ளைப் பசையால் ஒட்டப்பட்டவை, சுருங்கியவை, நீரால் எளிதில் பிரியாதவை. அவை இப்போது அரை நூற்றாண்டைத் தாண்டுகின்றன. காட்ஷால்க் தாளுக்குக் காட்டும் மரியாதை இவற்றின் நெளிந்த தாளுக்கும் உரியதா, அல்லது உரித்து எறிந்து புதிதாக ஒட்டலாமா என்பதைச் சேகரிப்பாளர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்கிடையில், உரிமையாளர்கள் பலர் ஸ்க்ரேப்பரும் வெந்நீரும் கொண்டு ஒவ்வோர் அறையாகத் தம் சொந்த முடிவை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.